போலீஸ் வண்டிக்கு ஸ்பீடு மட்டும் போதுமா?

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் என் ரூமுக்கே வந்துவிட்டார். "காதல் கவிதை மட்டும் வேணாம்ப்பா, ஏற்கெனவே பதினேழு வந்து கிடக்கு. உன் பிராஞ்சு சம்பந்தமா உருப்படியா ஏதாவது எழுது" என்று கட்டளை. உருப்படியாக என்ன எழுதுவது என்று யோசித்தபோது, ஹாஸ்டலில் ஒரு ராத்திரி நடந்த சண்டை ஞாபகத்துக்கு வந்தது.

சண்டைக்குக் காரணம் துபாய் போலீஸ். 2013-இல் அவர்கள் லம்போர்கினி அவென்டடார் காரை ரோந்துக்கு இறக்கினார்கள். அப்புறம் புகாட்டி வேரானும் சேர்ந்தது. அந்தப் படங்களைச் செல்போனில் காட்டிய எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பன், "இது மாதிரி நாலு வண்டி நம்ம போலீஸுக்கு வாங்கிக் குடுத்தா ஒரு திருடனாவது தப்புவானாடா?" என்றான். ரூமே ஆமாம் போட்டது. நான் மட்டும் கேட்டேன்: "ரெண்டு சீட்டு வண்டியில போலீஸ்காரர் ரெண்டு பேரு உக்காந்துட்டா, பிடிச்ச திருடனை எங்கடா உக்கார வைப்ப?" சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. சண்டை அடங்க ராத்திரி ஒரு மணி.

அன்றைக்கு நான் சிரிப்புக்காகச் சொன்னதை இப்போது யோசித்தே சொல்கிறேன். ரோந்து வண்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அது எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஓடாமல் நிற்கும்போது அந்த வண்டிக்கும் உள்ளே இருக்கிறவருக்கும் என்ன ஆகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். என்னடா இவன் தலைகீழாகப் பேசுகிறான் என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது வகுப்பில் அல்ல, இன்பிளான்ட் டிரெய்னிங்கில். ஊர், பட்டறைப் பெயர் வேண்டாம். ஒரு டீசல் ரோந்து வண்டி வேலைக்கு வந்திருந்தது. இழுவை இல்லை, ஆயில் குடிக்கிறது, ஒரே வருஷத்தில் மூன்றாவது பேட்டரி. ஓடோமீட்டரை எட்டிப் பார்த்தேன்: 58 ஆயிரம் கிலோமீட்டர். மூன்று வருஷம் படித்த தைரியத்தில், "அண்ணே, அம்பத்தெட்டாயிரம்தானே ஓடியிருக்கு, இன்ஜின் புதுசு மாதிரி இருக்கும். வேற எங்கயோ கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் பதில் பேசவில்லை. ஹெட்டைக் கழற்றிக் காட்டினார். போரின் சுவர் கண்ணாடி மாதிரி பளபளவென்று கிடந்தது. கிளேசிங் என்று புத்தகத்தில் படித்து இரண்டு மார்க் வாங்கியிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். இன்டேக் பக்கம் கரி அப்பி, விரலை விட்டால் கறுப்பு மை.

வண்டியை ஓட்டி வந்த ஏட்டு ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னார்: "தம்பி, மீட்டரு ஓடுனதைத்தான் காட்டும். நின்னதை எது காட்டும்?"

பந்தோபஸ்து என்றால் ராத்திரி பத்து மணிக்கு ஒரு முனையில் வண்டியை நிறுத்துவார்களாம். விடிய ஐந்து மணி வரைக்கும் இன்ஜினை ஆஃப் பண்ணுவது கிடையாது. மேலே லைட் சுற்ற வேண்டும், மைக் செட் உயிரோடு இருக்க வேண்டும். ஆஃப் பண்ணினால் பேட்டரி படுத்துவிடும். ஆஃப் பண்ணாவிட்டாலும் படுக்கிறது, அது வேறு கதை. ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் மெதுவாகத்தான் சுற்றும், அதன் முழு ஆம்பியர் அப்போது கிடைக்காது. லைட், சைரன், வயர்லெஸ், செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்ந்து கேட்பதைக் கொடுக்க முடியாமல், மிச்சத்தைப் பேட்டரியிலிருந்து உருவும். இன்ஜின் பக்கமும் இதே கதைதான். லோடு இல்லாமல் ஓடுகிற டீசல் இன்ஜின் சரியாகச் சூடேறாது, ரிங் சுவரில் அழுந்தி உட்காராது, எரியாத மிச்சம் கரியாகப் படியும். மீட்டரோ அசையாது. கிலோமீட்டர் கணக்கில் ஆயில் மாற்றுகிற ரெஜிஸ்டரில் அந்த வண்டி ஒழுங்கான பிள்ளை.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி போலீஸ் வண்டிப் பராமரிப்புக்குச் சொல்லும் கணக்கு அது: ஒரு மணி நேரம் ஐடிலிங்கில் நின்றால், இன்ஜினைப் பொறுத்தவரை 33 மைல் ஓடியதற்குச் சமம். நம் கணக்கில் சுமார் 53 கிலோமீட்டர். அவர்கள் வண்டிக்குச் சொன்னது நம் டீசலுக்கு அப்படியே பொருந்தாது, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தோராயத்துக்கு ஏட்டு சொன்ன ஏழு மணி நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 371 கிலோமீட்டர்! நின்ற இடத்திலேயே அந்த வண்டி ராத்திரியோடு ராத்திரியாகச் சென்னையிலிருந்து திருச்சிக்குப் போய், அதையும் தாண்டியிருக்கிறது. எந்த ரெஜிஸ்டரிலும் பதிவில்லை.

சரி, உலகத்தில் யாராவது இதையெல்லாம் யோசித்து வண்டி வாங்குகிறார்களா என்று தேட ஆரம்பித்தேன். லைப்ரரியில் பாதி, கம்ப்யூட்டர் லேபில் சாருக்குத் தெரியாமல் பாதி.

முதல் போலீஸ் கார் எது தெரியுமா? 1899-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஏக்ரன் நகரப் போலீஸ் இறக்கியது. பெட்ரோல் வண்டி இல்லை சாமி, பேட்டரி வண்டி! விலை 2,400 டாலர், வேகம் மணிக்கு 16 மைல். அதன் முதல் டியூட்டி, குடித்துவிட்டுத் தெருவில் கிடந்த ஒருவரை ஏற்றி வந்ததாம். மறு வருஷமே ஊரில் நடந்த ஒரு கலவரத்தில் கூட்டம் அதைக் கால்வாயில் தள்ளிவிட்டது. மோட்டார் சைக்கிள் கதை 1908-இல் டெட்ராய்ட் போலீஸ் ஹார்லி டேவிட்சன் வாங்கியதிலிருந்து சூடு பிடிக்கிறது.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1950-களின் நடுவில் எல்லைப் பகுதி ரோந்துக்கு ராணுவத்துக்கும் போலீஸுக்கும் ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேடிய இந்திய அரசு, இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350-ஐத் தேர்ந்தெடுத்து 800 வண்டிக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த ஆர்டரின் தொடர்ச்சியாக 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்தது, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. இங்கிலாந்துக் கம்பெனி மூடிய பிறகும் திருவொற்றியூரில் புல்லட் வந்துகொண்டே இருந்தது. அரசாங்கம் ஒரு ரோந்து வண்டியைத் தேர்ந்தெடுத்தால் அது எத்தனை தூரம் போகும் பாருங்கள். நம் சீனியர்களில் எத்தனை பேருக்கு அந்தத் தொழிற்சாலை சோறு போட்டிருக்கிறது!

இனி விஷயத்துக்கு வருகிறேன். போலீஸ் வண்டித் தேர்வில் நான் படித்தவரை உருப்படியான முறை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் போலீஸுடையது. 1970-களிலிருந்து இதை நடத்தி வருகிறார்கள். ஆண்டுதோறும் கம்பெனிகள் அடுத்த வருஷத்துப் போலீஸ் மாடல்களைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வேகம் பிடிப்பது, டாப் ஸ்பீடு, பிரேக் என்று வரிசையாகச் சோதனை. ரேஸ் டிராக்கில் ஒரு சோதனை உண்டு: நான்கு டிரைவர்கள், ஒவ்வொருவரும் எட்டு ரவுண்டு, ஆக ஒரு வண்டிக்கு 32 ரவுண்டு. ஒவ்வொருவரின் வேகமான ஐந்து ரவுண்டை எடுத்துச் சராசரி. ஒரே டிரைவர் ஓட்டினால் அது அவர் திறமையா வண்டித் திறமையா என்று சந்தேகம் வரும் அல்லவா? நம் லேபில் ஒரே ரீடிங்கை மூன்று விதமாக எழுதிச் சராசரி போடுகிறோமே, அது மாதிரி இல்லை. நிஜமாகவே 32 ரவுண்டு!

எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவது. ஓட்டிப் பார்த்ததோடு விடுவதில்லை. போலீஸ்காரர்களைத் தனித்தனியே உட்கார வைத்து மார்க் போடச் சொல்கிறார்கள். சீட் எப்படி, ஏறி இறங்க முடிகிறதா, மீட்டர் கண்ணுக்குத் தெரிகிறதா, கைக்கு எது எட்டுகிறது, எது எட்டவில்லை? வயர்லெஸ் மாட்டுகிற டெக்னீஷியனும் மார்க் போடுகிறார்: டேஷ்போர்டுக்குப் பின்னால் கை போகிறதா, டிக்கியில் கருவி வைக்க இடம் இருக்கிறதா என்று. டெக்னீஷியன், நண்பர்களே! நம்மைப் போல டிப்ளமோக்காரன். வண்டி வாங்குகிற பேப்பரில் அவன் மார்க்குக்கு ஓர் இடம். நம் பக்கத்தில் வண்டி வந்து நின்ற பிறகுதானே நம்மைக் கூப்பிடுகிறார்கள்?

அடுத்தது பணக் கணக்கு. "டெண்டர்னா குறைஞ்ச விலைக்காரனுக்குத்தான் குடுக்கணும், வேற வழியே இல்ல" என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. மிச்சிகனிலும் டெண்டர்தான். ஆனால் மார்க்கில் பின்தங்கிய வண்டிக்கு, எவ்வளவு பின்தங்கியதோ அதைப் பணமாக மாற்றி, அது கேட்ட விலையோடு கூட்டுகிறார்கள். கூட்டிய பிறகு எது குறைவோ அதற்கு ஆர்டர். ஒரு கற்பனைக் கணக்கு சொல்கிறேன். ‘அ’ வண்டி எட்டு லட்சம், ‘ஆ’ வண்டி எட்டு லட்சத்துப் பத்தாயிரம். பிரேக்கிலும் சீட்டிலும் ‘அ’ பின்தங்கியதற்கு இருபதாயிரம் ஏற்றினால் அது எட்டு லட்சத்து இருபதாயிரம் ஆகிவிடும், ‘ஆ’ ஜெயிக்கும். குறைந்த விலைக்குத்தான் வாங்கினோம் என்று ஆடிட்டருக்கும் பதில் சொல்லலாம், நல்ல வண்டி வாங்கினோம் என்று ஏட்டுக்கும் பதில் சொல்லலாம். மொத்த ரிப்போர்ட்டையும் அச்சடித்து வெளியிடுகிறார்கள். சோதிக்க வசதியில்லாத சின்ன ஊர்ப் போலீஸ்கூட அதைப் படித்துவிட்டு வாங்குகிறது.

இவ்வளவு புகழ்ந்தேன், இப்போது குறை சொல்கிறேன். நான் படித்த மார்க் பட்டியலில் வளைவு ஓட்டத்துக்கு 30, டாப் ஸ்பீடுக்கு 15 என்று போகிறது. நிற்பதற்கு மார்க் இல்லை. அதற்கு அமெரிக்கப் போலீஸ் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

ஃபோர்டு கிரவுன் விக்டோரியா. ஆங்கிலப் படத்தில் போலீஸ் கார் என்று வந்தால் பத்துக்கு எட்டு இதுதான். 4.6 லிட்டர் வி-8 இன்ஜின், பின்சக்கர இழுவை, லாரி மாதிரி தனிச் சேஸிஸ் மேல் பாடி. இடித்து நசுங்கினால் தட்டி நிமிர்த்தி மறுபடி ரோட்டில் விடலாம், ஸ்பேர் எங்கும் கிடைக்கும். போலீஸில் ரிட்டயர் ஆனால் டாக்ஸியாக இன்னொரு ஆயுள். பட்டறைக்காரனுக்கு அது தெய்வம். போட்டிக்கு இருந்த செவர்லே கேப்ரிஸ் 1996-இல் நின்றுபோனதும் அந்த ரக வண்டிக்கு இது ஒன்றே கதி என்றானது. 2011-இல் உற்பத்தி நிற்கும் வரை இதன் ராஜ்ஜியம்தான்.

அந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் இருந்தது. சாதாரணக் குடும்பம் ஓட்டினால் அது பெரிய பிரச்சினை இல்லை. போலீஸ் கார் என்ன செய்யும்? நெடுஞ்சாலை ஓரத்தில், இன்னொரு வண்டியை மடக்கிவிட்டு அதன் பின்னால் நிற்கும். விபத்து நடந்த இடத்தில் மற்றவர்களுக்கு அரணாக நிற்கும். பின்னால் நூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறவன் கவனிக்காமல் வந்து மோதினால்? டேங்க் நசுங்கி, பக்கத்து போல்ட்டோ டிக்கியில் இருக்கிற கனமான கருவியோ அதைக் குத்தினால்? தீ. பல போலீஸ்காரர்கள் இப்படிச் செத்தார்கள். 2001-இல் ஃபீனிக்ஸ் நகரில் ஒரு டாக்ஸி பின்னால் மோதி எரிந்த காரில் இருந்த இளம் போலீஸ்காரர் பிழைத்தார், ஆனால் முகமே உருமாறிப்போனது.

மத்திய அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை விசாரித்து, வடிவமைப்புக் குறை என்று சொல்ல முடியாது என 2002-இல் ஃபைலை மூடியது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். அதே வருஷம் ஃபோர்டு டேங்கைச் சுற்றிக் கவசம் மாட்டித் தர முன்வந்தது. டிக்கியில் கருவிகள் டேங்கைக் குத்தாமலிருக்கத் தனிப் பெட்டி வந்தது. 2005 மாடலில் தீயணைக்கும் அமைப்பு ஒன்றைக் கூடுதல் விலைக்குக் கொடுத்தார்கள். பிறகு வந்த போலீஸ் மாடல்களை மணிக்கு 75 மைல் வேகத்தில் பின்னாலிருந்து மோதியும் சோதிப்பதாக அறிவித்தார்கள். எல்லாம் நல்லதுதான். என் கேள்வி ஒன்றே ஒன்று. இந்த வண்டி ரோட்டோரம் நிற்கப் போகிற வண்டி என்பது 1990-களில் வாங்கியவர்களுக்குத் தெரியாதா? ஓட்டிப் பார்த்து மார்க் போட்டவர்கள், நிற்க வைத்துப் பின்னால் என்ன வரும் என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்திருந்தால்?

கம்பெனியை மட்டும் திட்டிவிட்டு நாம் நல்ல பிள்ளையாகிவிட முடியாது. அடுத்த கதை நேரே நம் பிழைப்பைப் பற்றியது.

2017 ஜூலையில் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் போலீஸ் தன் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் ரோந்து வண்டிகள் சுமார் 400-ஐ ஒரேயடியாக ரோட்டிலிருந்து எடுத்துவிட்டது. காரணம், வண்டிக்குள் கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை, தலைவலி என்று ஆரம்பித்து ஆளை மயக்கத்தில் தள்ளும் வாயு. உடம்பு சரியில்லாமல் போலீஸ்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். புகை எப்படி உள்ளே வந்தது? ஃபோர்டு சொன்ன முக்கியமான காரணத்தைக் கவனியுங்கள். வண்டி கம்பெனியை விட்டு வந்த பிறகு லைட், ஒயர், ஆன்டெனா மாட்டுவதற்காகப் பின்பக்கத்தில் துளை போட்டிருக்கிறார்கள். சில துளைகளைச் சரியாக மூடவில்லை. ஏ.சி. உள்காற்றையே சுற்றவிடும் நிலையில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், பின்னால் வரும் புகை அந்தச் சந்துகள் வழியாக உள்ளே இழுக்கப்படும். யார் துளை போட்டது என்று பார்க்காமல் தங்கள் செலவிலேயே சரிசெய்து தருவதாகக் கம்பெனி சொன்னது. பல வருஷம் நடந்த மத்திய அரசு விசாரணை 2023 ஜனவரியில் முடிந்தது. போலீஸ் வண்டிகளில் அளவு கூடியதற்கு, பின்னால் கருவி மாட்டியபோது விட்ட சந்துகளும் விபத்துச் சேதமுமே காரணம் என்ற பக்கமே அதுவும் சாய்ந்தது.

ஒரு துளை, நண்பர்களே. அரை இன்ச் டிரில் பிட். ஒரு ரப்பர் குரோமெட், கொஞ்சம் சீலன்ட். மூன்று மணி வேலையை இரண்டு மணியில் முடித்துவிட்டு டீக்குப் போன யாரோ ஒரு டெக்னீஷியன். அவன் நல்லவனாகத்தான் இருந்திருப்பான். ஒர்க்‌ஷாப் பிராக்டிகலில் "பர்ர் எடுத்தியா? எட்ஜ் தேய்ச்சியா?" என்று நம் இன்ஸ்ட்ரக்டர் கத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற என்னை மாதிரி ஒருவன்தான். இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ட்ரெய்னிங்கில் அந்த ரோந்து வண்டி மேல் புது லைட் பார் மாட்டியபோது ஒயர் இறக்க ரூஃபில் துளை போட்டது நான். மெக்கானிக் அண்ணன் மூடினாரா? நான் பார்க்கவில்லை.

மோட்டார் சைக்கிள் பக்கம் வருவோம். அதிலும் இதே கதைதான், நிற்பதற்குப் பதில் ஊர்வது. ஊர்வலத்துக்கு முன்னால், வி.ஐ.பி. காருக்கு முன்னால், நெரிசலுக்கு நடுவில் போலீஸ் மோட்டார் சைக்கிள் நடக்கிற வேகத்தில் போகும். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் போலீஸுக்குக் கொடுக்கிற பயிற்சியில் பெரும்பகுதி கூம்புகளுக்கு நடுவில் கால் ஊன்றாமல் மெதுவாக வளைந்து வருவதுதான். கிளச்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக அழுத்தி, ஆக்ஸிலரேட்டரையும் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பஸ் ஸ்டாண்டு பக்கம் நாமும் செய்கிறோம், ஆனால் 300 கிலோ வண்டியில் இல்லை.

இந்த இடத்தில்தான் கிளச் மாட்டிக்கொள்ளும். கவாசாகி கே.இசட். 1000 போலீஸ் மாடலில் ஆயிலில் முழுகிய வெட் கிளச். அமெரிக்காவின் நெப்ராஸ்கா தொழிற்சாலையிலிருந்து 2005 வரை பெரிய மாற்றமே இல்லாமல் வந்த வண்டி. ஸ்பேர் பார்ட்ஸ் தலைமுறை தலைமுறையாக ஒன்றே. ஆனால் ஏ.பி.எஸ். கிடையாது. கலிபோர்னியா நெடுஞ்சாலைப் போலீஸ் 1990-களின் கடைசியில் பி.எம்.டபிள்யூ. ஆர். 1100 ஆர்.டி. வண்டிக்கு மாறியது. அதில் ஏ.பி.எஸ். உண்டு, செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். நெடுஞ்சாலையில் ராஜா. கிளச் மட்டும் காரில் இருப்பது போன்ற ஒற்றைத் தட்டு டிரை கிளச். பாதி பிடித்தபடி ஊர்ந்தால் சூட்டைக் கொண்டுபோக ஆயில் இல்லை, லைனிங் கருகும். 2014 மாடலில்தான் அந்த வரிசை வெட் கிளச்சுக்கு மாறியது. எந்த வண்டி உசத்தி? நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓடுகிறவருக்கு ஒன்று, ஊருக்குள் ஊர்கிறவருக்கு வேறொன்று. ஒரே டெண்டரில் இரண்டு பேருக்கும் ஒரே வண்டி வாங்கினால் ஒருவர் திட்டுவார்.

இதை அழகாகப் புரிந்துகொண்டவர்கள் பழைய பிரிட்டிஷ் போலீஸ். வெலோசெட் எல்.இ. என்று ஒரு வண்டி. 192 சி.சி., தண்ணீர் குளிர்விப்பு, சத்தமே வராது, ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. வாலிபர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் ராத்திரி தெருத்தெருவாக பீட் போகிற கான்ஸ்டபிளுக்கு அதுதான் தேவை. ஊர் விழிக்கக் கூடாது, திருடன் காதில் விழக் கூடாது. 1950, 60-களில் பல ஊர்ப் போலீஸ் அதை வாங்கின. ‘நாடி பைக்’ என்று பட்டப் பெயர். ஹேண்டிலிலிருந்து கையெடுத்து சல்யூட் அடிக்க முடியாது என்பதால் அதிகாரியைப் பார்த்துத் தலையசைத்தால் போதும் என்று விட்டதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். (நம் ஊரில் இந்த ஒரு சலுகைக்காகவே அந்த வண்டியை வாங்கலாம் என்று ஏட்டு சிரித்தார்.)

ஹாஸ்டல் சண்டையில் எதிராளி விட்ட ஒரு அம்புக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இத்தாலிப் போலீஸிடமும் லம்போர்கினி இருக்கிறது. 2020 நவம்பரில் பதுவாவிலிருந்து ரோமுக்கு, ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஒரு சிறுநீரகத்தை அந்த வண்டியில் இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். காரின் முன்பக்கம் குளிர்பெட்டி. "ஒரு உசுர் பொழைச்சுதே, அதுக்கு என்ன சொல்ற?" என்றான். என்ன சொல்வது? அந்த வேலைக்கு அது சரியான வண்டி. முன்பக்கம் குளிர்பெட்டி வைக்க யோசித்தவர் வண்டியைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தவர். அவர்களின் முந்தைய லம்போர்கினி ஒன்று 2009-இல் மாணவர்களுக்கான கண்காட்சியிலிருந்து திரும்பும்போது மோதி நொறுங்கியது என்பதையும் நான் பிறகு தேடிக் கண்டுபிடித்து அவனுக்குச் சொன்னேன். அவன் அதை ரசிக்கவில்லை.

நிற்கிற நேரத்தைக் கணக்கில் எடுத்தால் தேர்வு எப்படி மாறும் என்பதற்கும் ஒரு உதாரணம் இருக்கிறது. ஃபோர்டு 2020 மாடல் போலீஸ் எக்ஸ்ப்ளோரரில் ஹைபிரிட் இன்ஜினையே அடிப்படையாக வைத்தது. போலீஸுக்கு எதற்கு ஹைபிரிட், பெட்ரோல் மிச்சம் பிடிக்கவா? ஓடும்போது மிச்சமாவதைவிட நிற்கும்போது மிச்சமாவதுதான் அவர்கள் சொன்ன கணக்கு. வண்டி நிற்கும், லைட் எரியும், ரேடியோ பேசும், எல்லாவற்றுக்கும் பெரிய பேட்டரி கரண்ட் கொடுக்கும். அது இறங்கினால் மட்டும் இன்ஜின் எழுந்து சார்ஜ் ஏற்றிவிட்டுத் தூங்கப் போகும். அவர்கள் போலீஸ் வண்டி டேஷ்போர்டில் இன்ஜின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் ஐடிலிங் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாகக் காட்டுகிறது. ஏட்டு கேட்டாரே, நின்றதை எது காட்டும் என்று? அதுதான் காட்டுகிறது.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. நம் ஊர் டிராக்டரில் மணி மீட்டர் இருக்கிறது, கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் இருக்கிறது. எங்கள் சித்தப்பா எட்டாவதுகூடத் தாண்டவில்லை. டிராக்டருக்கு மணிக்கணக்கு பார்த்துத்தான் ஆயில் மாற்றுகிறார். அவர் வயலில் நிற்கிற டிராக்டருக்குக் கிடைக்கிற மரியாதை, விடிய விடிய முச்சந்தியில் நிற்கிற ரோந்து வண்டிக்கு ஏன் கிடைக்கக் கூடாது? வண்டி வாங்குகிற பேப்பரில் மணி மீட்டர் கட்டாயம் என்று ஒரு வரி, ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் இத்தனை ஆம்பியர் தர வேண்டும் என்று ஒரு வரி, கருவி மாட்டும் துளைகளைக் கம்பெனியே போட்டு மூடித் தர வேண்டும் என்று ஒரு வரி. ஓட்டுகிற ஏட்டையும் பழுது பார்க்கிற மெக்கானிக்கையும் ஒரு நாள் கூப்பிட்டு உட்கார வைத்து மார்க் போடச் சொல்ல வேண்டும். ஒரு லம்போர்கினி டயர் விலைகூட ஆகாது.

சும்மா எழுதிவிட்டுப் போகிறான் என்று நினைக்காதீர்கள். எங்கள் பேட்ச் ஃபைனல் பிராஜெக்டாக ரோந்து வண்டிக்கு மணி மீட்டர் செய்யப் போகிறோம். ஆயில் பிரஷர் சுவிட்ச்சிலிருந்து இன்ஜின் ஓடுகிறதா என்பதை எடுக்கலாம், ஸ்பீடு சென்சாரிலிருந்து வண்டி நகர்கிறதா என்பதை எடுக்கலாம். இரண்டையும் சேர்த்தால் ஓடியது தனி, நின்றது தனி. சர்க்யூட் வேலையை அந்த எலக்ட்ரானிக்ஸ் நண்பனே ஒத்துக்கொண்டான், லம்போர்கினிக் கட்சிக்காரன்தான். எச்.ஓ.டி. மட்டும், "இது ஆட்டோமொபைலா, எலக்ட்ரானிக்ஸா?" என்று கேட்டுப் பேப்பரை மேஜை மேலேயே வைத்திருக்கிறார். இன்னும் கையெழுத்து விழவில்லை.

போன வாரம் ஏட்டுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்டின் கதையையும் சொன்னேன். ரூஃபில் நான் போட்ட துளையைப் பற்றியும் கேட்டேன்.

"மழைக்கு ஒழுகல தம்பி, மெக்கானிக் மூடிட்டாரு. மீட்டர் செஞ்சா மொதல்ல எங்க வண்டியிலயே மாட்டுங்க. ஓட்டை போட்டா மட்டும் இந்தத் தடவ நீங்களே பாத்து மூடிட்டுப் போங்க" என்றார்.